முப்பது கேள்விக்கும் ஆம்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள என் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே சுகம் என்று நீ சொல்கிறாய், நானும் நம்புவதாகச் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் அதில் ஒரு வசதி இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் கூடிவிடுகிறது. லிப்ட் மெக்கானிக் படியேறினால் தொழிலுக்கே அவமானம் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு வைத்திருக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, யாரும் சரி செய்யவில்லை, அதுவாகவே மனம் திருந்திவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இன்னும் பகல் ஷிப்டுதான், பேக்கிங் பிரிவில் பதினாறு பேர் என் கையில் இருக்கிறார்கள், அதில் பத்துப் பேர் சொன்னதைச் செய்வார்கள், மீதி ஆறு பேர் செய்துவிட்டு வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் முதல் வரியில் நீ சிரிப்பாய், இரண்டாவது வரியில் கத்துவாய், மூன்றாவது வரியில் 'சரி சரி, அப்பாகிட்ட குடு' என்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நான் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இருபத்தைந்து வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததே இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது, உன் சித்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் தங்கை வாயில் ஒன்று போனால் அது வெளியே வரும்போது கை கால் முளைத்து வரும் என்பது உனக்குத் தெரியும். அவள் உன்னைக் கூப்பிட்டு உன் அம்மா கணினிக் குற்றத்தில் மாட்டிக்கொண்டாள் என்று சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒருவேளை சொல்லிவிட்டாள் என்றால், அவள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடு. மீதிப் பாதி உண்மை.

நான் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். விட்டுப்போன அதே வணிகவியல் பட்டம், அதே மூன்றாம் ஆண்டு, தொலைதூரக் கல்வியில். நாலு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், இரண்டு வருடம் முன்பு நான் பேச்சோடு பேச்சாக இதைப் பற்றி வாயெடுத்தபோது 'உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம், ரெஸ்ட் எடு' என்றாய். எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதனால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் பழைய மதிப்பெண் பட்டியலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கடைசியில் முதல் இரண்டு வருட மதிப்பெண் செல்லும், ஆனால் இந்த ஆண்டோடு சரி, அடுத்த ஆண்டு வந்தால் மூன்று வருடமும் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான் என்றார். தினமும் ஆயிரக்கணக்கான ரொட்டிப் பொட்டலத்தில் காலாவதித் தேதி அடிக்கிறவள் நான். என் படிப்பின் முதுகிலும் யாரோ ஒரு தேதி அடித்து வைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

சேர்ந்த பிறகு சொல்கிறார்கள், தபாலில் புத்தகம் வருகிற காலமெல்லாம் போய்விட்டதாம், வகுப்பு, பாடம், தேர்வு எல்லாம் இந்த ஆண்டு முதல் இணையத்தில்தான். அதற்கு நாங்கள் தயாராக இருக்கிறோமா என்று பார்க்க ஒரு படிவம் அனுப்பினார்கள். முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டம். கோப்பு தொலைந்தால் மீட்கத் தெரியுமா, ஆசிரியர் எதிரே இல்லாவிட்டாலும் நீங்களாக நேரம் ஒதுக்கிப் படிப்பீர்களா, கணினி பாதியில் நின்றால் பதறாமல் இருப்பீர்களா, வீட்டில் அமைதியான தனி இடம் உண்டா, இப்படியே போகிறது. முதல் கேள்வியிலேயே என் கை 'இல்லை' பக்கம் போயிற்று. அப்புறம் யோசித்தேன். எனக்குத் தெரியாது, சரி, ஆனால் என் மகளுக்குத் தெரியுமே. அவளைப் பெற்றது யார். அந்த அறிவு வானத்திலிருந்தா குதித்தது, என் வழியாகத்தானே வந்திருக்க வேண்டும், எங்கேயாவது உள்ளே கிடக்கும், தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் நீயாக இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்து யோசித்து முப்பதுக்கும் ஆம் போட்டேன். அமைதியான இடம் என்ற கேள்வியில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன், ஏனென்றால் அந்த நேரத்தில் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து துளைபோடும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் ஆம்தான்.

பொய் சொன்னதற்குத் தண்டனை கிடைக்கும் என்று பயந்தேன், கிடைத்தது பதவி. பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். தாங்கள் நூற்றுக்கு நூறு தயார்நிலை பெற்ற ஒரே மாணவி, ஆகவே தங்களை வழிகாட்டி மாணவியாக நியமிக்கிறோம், தயார்நிலை குறைந்த மூன்று பேர் தங்கள் பொறுப்பில் விடப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தது. உன் அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு 'இது யாரைப் பத்திப் போட்டிருக்காங்க' என்று கேட்டார். மறுநாளே ஒருங்கிணைப்பாளர் மேடம் போன் செய்தார், உன் வயதுதான் இருக்கும், குரலில் அவ்வளவு மரியாதை. மூன்று வாரத்தில் நேரடிச் சோதனை ஒன்று நடக்குமாம், கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கொடுக்கிற தலைப்பில் ஒரு பக்கம் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து, ஒரே கோப்பாக்கி, நாற்பது நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டுமாம். முடியாதவர்கள் ஒரு வருடம் முன்தயாரிப்பு வகுப்புக்குப் போய்விட்டு அடுத்த ஆண்டு சேரலாம் என்றார். மற்றவர்களுக்கு அது ஒரு வருடத் தாமதம். எனக்கு அது அந்த இரண்டு வருட மதிப்பெண்ணும் குப்பைக்குப் போகிற கணக்கு. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அதற்குள் மேடம் 'உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்மா' என்று சொல்லிவிட்டார், அதற்கப்புறம் யாருக்கு மனசு வரும்.

என் மாணவச் செல்வங்களைப் பற்றிச் சொல்கிறேன் கேள். ஒருவர் பேருந்து ஓட்டுநர், நாற்பது வயது. பேசவே மாட்டார், வாய் மட்டும் அசையும், மைக்கைத் திறக்கச் சொன்னால் இன்னும் பெரிதாக வாயை அசைப்பார். இன்னொருத்தி அழகு நிலையம் வைத்திருக்கிறாள், முப்பது இருக்கும். அவள் போனில் முகத்தைப் பளபளப்பாக்குகிற ஏதோ ஒன்று இருக்கிறது, அதை அணைக்க அவளுக்கே தெரியவில்லை, அடையாள அட்டையில் இருக்கிறவளும் திரையில் இருக்கிறவளும் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்றாவது ஒரு வங்கிக் காவலாளி, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, கேமரா எரிந்தவுடன் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார், அதனால் அவர் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, பெல்ட்டைத்தான் பார்த்திருக்கிறோம். இவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் எடுத்தேன், மறைக்காமல் சொல்கிறேன், பகலில் இடைவேளையில் எங்கள் தொழிற்சாலைக் கணக்காளர் பெண்ணிடம் ஒன்றைக் கற்றுக்கொள்வேன், மாலையில் அதையே ஏதோ பிறவியிலிருந்து தெரிந்தது மாதிரி இவர்களுக்குச் சொல்வேன். அவர்களும் ஆகா அக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வாயைப் பிளப்பார்கள். அந்தப் புகழ்ச்சி இருக்கிறதே, அதற்கு ஒரு ருசி உண்டு, நான் அதில் கொஞ்சம் மயங்கித்தான் போனேன்.

ஆனால் கோப்பாக்கி ஏற்றுகிற வேலை மட்டும் ஒருவருக்கும் படியவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். ஒருவர் படம் பிடித்தால் மேசை விழுகிறது, காகிதம் விழவில்லை. இன்னொருத்தி அனுப்பினால் கடைக்கு வந்த மணப்பெண்ணின் படம் வருகிறது. எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் அடுக்கிய பெட்டியை அடுத்தவர் திறந்து பார்த்துத் தலையாட்டாமல் ஒட்டக் கூடாது. இருபது வருடமாக அந்த வழக்கத்தால்தான் என் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. சோதனையன்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தடுமாறுவானேன், எல்லோரும் நம் வீட்டுக்கே வந்துவிடுங்கள், ஒருவர் பக்கத்தை அடுத்தவர் பார்த்துச் சரி என்ற பிறகு ஏற்றுவோம் என்றேன். தொலைதூரக் கல்விக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடி இணைய வகுப்பில் உட்காருவது என்று முடிவாயிற்று. இதில் தப்பு இருப்பதாக நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

போன மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்குச் சோதனை. ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள், காவலாளி அண்ணன் சீருடையில், அழகுக்கடைக்காரி தன் வாடிக்கையாளர்களுக்கு விடுமுறை சொல்லிவிட்டு. முதலில் எல்லோரும் கூடத்திலேயே உட்கார்ந்தோம், நாலு பேரும் மைக்கைத் திறந்தவுடன் ஒரு ஊளை கிளம்பியது பார், எதிர் வீட்டுப் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அதனால் பிரிந்து உட்கார வேண்டியதாயிற்று. எனக்குக் கூடம், அழகுக்கடைக்காரிக்குச் சமையலறை, காவலாளி அண்ணனுக்குப் படுக்கையறை. மிச்சமிருந்தது குளியலறை. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார், நல்ல மனிதர். மேடம் திரையில் வந்தார், வணக்கம் சொன்னார், ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு அடையாள அட்டை பார்த்தார். ஓட்டுநருக்குப் பின்னால் ஷவர் தெரிகிறதே, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓட்டுநர் அன்றைக்குப் பார்த்து மைக்கைச் சரியாகத் திறந்து 'டிப்போ மேடம்' என்றார். மேடம் பெரிய மனசோடு அதை விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பாவுக்கு அளவு நாடா வேண்டியிருந்தது. மாடியில் இருங்கள், பதினோரு மணி வரை இறங்காதீர்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன், ஆனால் நான் சொல்வதில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர் தனியாக முடிவு செய்துகொள்வார். கைலியும் பனியனுமாக, தோளில் துண்டோடு, முதலில் என் பின்னால் கூடத்தைக் கடந்து போனார். மேடம் ஒன்றும் நினைக்கவில்லை, வீடு என்றால் ஆள் இருக்கத்தானே செய்வார்கள். அரை நிமிடத்தில் சமையலறைக் கட்டத்தில் அதே கைலி, அதே துண்டு, அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். மேடம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அடுத்து காவலாளி அண்ணன் கட்டத்தில் குனிந்து கட்டிலுக்கடியில் தேடுகிறார், அண்ணன் பாவம் ஏதோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று மறுபடியும் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் டிப்போவின் கதவைத் திறந்துகொண்டு உன் அப்பா எட்டிப் பார்க்கிறார். நாலு கட்டத்திலும் வந்துவிட்டு மறுபடி கூடத்துக்கே வந்து, என் மைக் திறந்திருக்கிறது, 'ஏம்மா, ஒவ்வொரு ரூம்லயும் ஒவ்வொருத்தர் தனியாப் பேசிக்கிட்டு இருக்காங்க, எல்லாருக்கும் டீ போடட்டுமா' என்று கேட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா என்றார். ஓட்டுநர் மட்டும் 'இல்லை மேடம்' என்றார். திரை இருட்டாகிவிட்டது.

நீ இப்போது சிரித்துக்கொண்டிருப்பாய், சிரி. அன்றைக்கு எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உன் அப்பா போட்ட டீயை நாலு பேரும் குடித்தோம், மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். மதியம் மேடம் என்னை மட்டும் கூப்பிட்டார். திட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன், எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்தாயிற்று. அவர் திட்டவில்லை. மற்றவங்க தெரியாம செஞ்சாங்க, நீங்க ஏம்மா இப்படி என்று கேட்டார். அந்த மரியாதையான குரல் போயே போய்விட்டது. படிவத்தில் இருந்தது நான் இல்லை, என் மகள் என்று சொல்லிவிட்டேன். புதிதாக ஒரு படிவம் அனுப்பினார், உண்மையை நிரப்புங்கள் என்று. நிரப்பினேன். நூற்றுக்கு முப்பத்து நாலு மதிப்பெண். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்கள் சோதனையைத் தனியாக எழுதித் தேற வேண்டும், ஒரே வாய்ப்பு, இல்லாவிட்டால் முன்தயாரிப்பு வகுப்பு என்றார். மற்ற மூன்று பேருக்கும் அப்படியே. வைப்பதற்கு முன்னால் 'இந்தத் தடவை யாரா இருக்கீங்களோ அவங்களாவே வாங்கம்மா' என்றார். சின்னப் பெண், ஆனால் சுருக்கென்று தைக்கிற மாதிரி சொல்லத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரம் முழுக்க நான் படம் பிடித்தேன். மளிகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, அப்பாவின் வேலை அட்டவணை, வீட்டில் எழுத்து இருந்த எந்தக் காகிதமும் தப்பவில்லை, எல்லாவற்றையும் கோப்பாக்கி எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். உனக்கு ஒரு தடவை போன் போட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி. அப்பாவை உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அளவு நாடாவைக் கையிலேயே கொடுத்து அனுப்பினேன், அங்கே போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருக்கிறார், விஷயம் அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. மேடம் திரையில் வந்தார், தலைப்பைக் காட்டினார். நீங்கள் முன்பு படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் என்ன, ஒரு பக்கம் எழுதுக.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இந்தப் பதில் எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வேனே, நீயே ஆயிரம் தடவை கேட்டிருப்பாய், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இவள் வயிற்றில் வந்துவிட்டாள், படிப்பா பிள்ளையா என்றால் பிள்ளைதான் என்று விட்டுவிட்டேன் என்று. கை தானாக ஓடியது. ஆறு வரி எழுதியிருப்பேன், ஏழாவது வரியில் நின்றுவிட்டது. யாராக இருக்கிறீர்களோ அவராகவே வாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே நின்றது. திரையில் அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு உண்மை தெரியப் போவதும் இல்லை, இருபத்தைந்து வருடத்துக் கதையை யார் போய்த் தோண்டப் போகிறார்கள். நானும் அந்தக் காகிதமும் மட்டும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் பேனாவை மூடி மூடித் திறந்தேன். அப்புறம் அந்த ஆறு வரியையும் அடித்துவிட்டு வேறு பக்கம் எடுத்தேன். அதில் எழுதியதைத்தான் உனக்கும் எழுதுகிறேன், ஒரு பல்கலைக்கழகக் கணினிக்குத் தெரிந்தது என் மகளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நான் தோற்றுப்போனேன். புள்ளியியல் தாள். கல்லூரிப் பலகையில் முடிவை ஒட்டியிருந்தார்கள், என் எண்ணுக்கு முந்தின எண் இருந்தது, அடுத்த எண் இருந்தது, என் எண் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் எதிலும் தோற்றதில்லை, எங்கள் வீட்டில் நான்தான் படிப்பாளி. வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அது தோற்றதற்கான வாந்தி இல்லை, நீ, அப்போது வயிற்றில் உனக்கு மூன்று மாதம், எனக்கே நாலு நாள் முன்புதான் தெரியும். வீட்டுக்குப் போனதும் எல்லோரும் முகத்தைப் பார்த்துப் பதறினார்கள், உடம்பு முடியலையா, காலேஜ் வேண்டாம், பிள்ளை முக்கியம் என்றார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் மறு தேர்வு வந்தது, விட்டுப்போன தாள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன், நீ பிறந்து அப்போது நாலு மாதம். உன் அப்பா இரண்டு நாள் லீவு போட்டு உன்னைப் பார்த்துக்கொண்டார், நுழைவுச் சீட்டை என் கையில் கொடுத்து அனுப்பினார். நான் தேர்வுக் கூடத்து வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிப் போய்ப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு தடவை என் எண் இல்லாத பலகையைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, பிள்ளை அழுதுகொண்டே இருக்கும் என்ற நினைப்பில் எழுதவே முடியவில்லை என்று சொன்னேன். நீ அழவே இல்லையாம். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஏற்றினேன். காகிதம் நேராக விழுந்திருந்தது, மேசை விழவில்லை. புதன்கிழமை முடிவு வந்தது, தேறிவிட்டேன், பழைய இரண்டு வருடமும் பிழைத்துக்கொண்டது. ஓட்டுநர் உண்மையான டிப்போவில் நிறுத்தி வைத்த பேருந்துக்குள் உட்கார்ந்து எழுதித் தேறினார். அழகுக்கடைக்காரி அக்கா மகனிடம் கொடுத்துப் பளபளப்பை அணைத்து, சொந்த முகத்தோடு தேறினாள். காவலாளி அண்ணன் மட்டும் பக்கத்தின் பாதியைக் கட்டைவிரலால் மூடிப் படம் எடுத்துவிட்டார், முன்தயாரிப்பு வகுப்புக்குப் போகிறார், எனக்கு ஒரு வருஷம் போனா என்னம்மா, எங்க ஓடப் போறேன் என்கிறார். அவருக்கு ஞாயிறு மாலை நான் இன்னும் சொல்லிக் கொடுக்கிறேன், இப்போது உண்மையிலேயே தெரிந்ததை மட்டும்.

முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டேனே என்று அழுகையாக வந்தது. அவர் சாவகாசமாகத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தனக்கு அப்போதே தெரியும் என்றார். கல்லூரிப் பலகையில் ஒட்டினதுதானே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, மறுநாளே போய்ப் பார்த்தாராம். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், 'நீயே ஒரு கதை வெச்சிருந்த, கேக்க நல்லா இருந்துச்சு, அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்' என்றார். இந்த மனிதரை என்ன செய்வது சொல். நாலு அறையில் அளவு நாடா தேடத் தெரிகிறது, இதை மட்டும் இருபத்தைந்து வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருக்கத் தெரிகிறது.

ஆனால் அவர் பரவாயில்லை என்று விட்டது அவர் மட்டில்தான். உன்னிடம் நான் செய்தது வேறு. நீ பட்டம் வாங்கிய நாளில் உன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, 'இது உன்னோடதும்மா, நான் வந்து பறிச்சுக்கிட்டேன்' என்று சொல்லி அழுதாய். அப்போதே அதை எடுத்து உன் தலையில் திருப்பி வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், கோணலாக இருக்கிறதா என்று உன் அப்பாவிடம் கேட்டுச் சரி செய்துகொண்டு, போட்டோவுக்கு நின்றேன். அந்தப் படத்தில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன், நீதான் கண் வீங்கி நிற்கிறாய். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு. நீ எதையும் பறிக்கவில்லை. நீ பிறக்கும் முன்பே நான் தோற்றிருந்தேன், நீ பிறந்த பிறகும் பயந்துகொண்டிருந்தேன், இரண்டிலும் உனக்கு ஒரு பங்கும் இல்லை. உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அம்மாவை மன்னித்துவிடு. கோபம் வந்தால் நன்றாகக் கோபப்படு, ஒரு வாரம் பேசாமல் இரு, எட்டாம் நாள் பேசிவிடு.

உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, மனசில் நினைத்ததெல்லாம் கூடி வந்து, நீ நூறு வயது வாழ வேண்டும். போனைச் சார்ஜில் போட்டபடி தலைமாட்டில் வைத்துத் தூங்காதே. ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை கூப்பிடாதே, எனக்கு வகுப்பு. புள்ளியியல் தாள் ஆறு வாரத்தில் வருகிறது, இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை வாசலைத் தாண்டி உள்ளே போய்விடுவேன், தோற்றாலும் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னால் எதையும் இழக்காத
உன் அம்மா